இது போக ஒண்ணு

துப்பாக்கி வெடித்ததும் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஓடுகிறவர்களைப் பார்த்தார்கள், சண்முகக்கனி மட்டும் தன் மடியிலிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள். அட்டையில் பதின்மூன்று கட்டங்கள். மேலே முப்பத்தொன்று என்று எண், அதற்குப் பக்கத்தில் அரைமணி நேரத்துக்கு முன் அவளே எழுதிய பெயர், சலேத் மேரி. எழுதும்போது 'லே'யின் கொம்பு கொஞ்சம் கோணிவிட்டது, அதைத் திருத்தப்போய் இன்னும் கோணிவிட்டது. பாளையங்கோட்டையில் மூத்தோர் தடகளப் போட்டி, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான ஐயாயிரம் மீட்டர். ஓடுகிறவர்கள் எட்டுப் பேர், ரவுண்டு எண்ணுகிறவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு ஒருவர். ஐயாயிரம் மீட்டர் என்றால் பன்னிரண்டரை ரவுண்டு. முதல் அரை ரவுண்டு எதிர்ப்பக்கத்தில் தொடங்கும், பிறகு தன் ஆள் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து ஒரு கட்டத்தில் நேரத்தை எழுத வேண்டும், இன்னும் எத்தனை என்று ஆளுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆடு எண்ணுகிறவனுக்குக்கூட இதைவிட வேலை அதிகம். அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி டீச்சராக இருபத்திரண்டு வருஷம், இப்படி எத்தனை அட்டைகளை நிரப்பியிருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். போட்டியை நடத்துகிற மகாராஜன் சார் நெஞ்சு எண் வரிசைப்படி அட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தபோது, முப்பது பக்கத்து நாற்காலி டீச்சருக்கும் முப்பத்தொன்று இவளுக்கும் விழுந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் ஏன் என்று கேட்பார், அதற்குச் சொல்ல இவளிடம் என்ன இருந்தது. முப்பத்தொன்றையே வாங்கிக்கொண்டாள். முதல் தடவை கோட்டைத் தாண்டி எட்டுப் பேரும் வந்தார்கள், சலேத் ஐந்தாவதாக வந்தாள், ஒரு நிமிஷம் இரண்டு வினாடி. கனி முதல் கட்டத்தில் எழுதினாள். இன்னும் பன்னிரண்டு.

இருபத்தாறு வருஷமாகப் பார்க்காத ஆள் எப்படி இருப்பாள் என்று கனி பலவிதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். பருத்திருப்பாள், நரைத்திருப்பாள், தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அல்லது நேராக வந்து நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள். கடைசியாகச் சொன்னது நடந்துவிடக் கூடாதே என்றுதான் காலையில் எண் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். அது நடந்துவிட வேண்டுமே என்று இன்னொரு பக்கம் ஆசையாகவும் இருந்தது, அதையும் ஒளிப்பானேன். ஓட்டத்துக்கு முன்னால் அவள்தான் தேடி வந்தாள். கனி தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு அட்டையில் எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தாள், நாற்பத்தேழு வயது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறு எப்படித்தான் ஒளிவது. ஊர்க் கோயில் சங்கத்துப் பனியனும், சுடிதார் பேன்ட்டும், யாருடையதோ அளவு பெரிதான ஷூவுமாக சலேத் எதிரே நின்று, "ஏட்டி அம்மி, நீயா எனக்கு எண்ணப்போற?" என்றாள். கனி தலையை ஆட்டினாள். "எண்ணு, எண்ணு. எனக்கு இன்னைக்கும் நாலுக்கு மேல எண்ண வராது" என்று சிரித்துவிட்டு, மகள்தான் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டாள் என்றும், ஓடி எத்தனையோ காலமாகிவிட்டது என்றும் போகிறபோக்கில் சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். கோபம் இல்லை. குத்தல்கூட இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 'எண்ணு, எண்ணு' என்று இரண்டு தடவை சொன்னாளே, ஒரு தடவை சொன்னால் போதாதா. அம்மி என்று கூப்பிட்டாளே. அந்தப் பேரால் இவளைக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் சலேத் ஒருத்திதான், அதனால் அந்தப் பேரே இருபத்தாறு வருஷம் எங்கோ கிடந்து தூசி படிந்துவிட்டது. விளையாட்டு விடுதியின் சாப்பாட்டு அறைச் சுவரில் கோச் தேவசகாயம் சார் நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார், அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று. சலேத் வந்த முதல் நாள் தட்டோடு நின்று எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கனியிடம், "நகரும்லா, ஓடுமா?" என்று கேட்டாள். பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. கனிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து கனி அம்மி.

மூன்று ஆறு. இன்னும் பதினொன்று. சலேத் ஐந்தாவதாகவேதான் இருக்கிறாள், அவசரம் இல்லை, முன்னால் போகிறவளின் முதுகைப் பார்ப்பதுகூட இல்லை, பக்கத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறாள். அந்தக் காலத்திலும் அப்படித்தான். கனி விடுதியில் ஆறு வருஷம். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ண வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, காய்ச்சல் வந்த வாரம் அறுபத்திரண்டு. ஐந்து மணிக்கு மேட்டுச் சாலை, வெள்ளிக்கிழமை நானூறு மீட்டர் பன்னிரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிஷ ஓய்வு, பன்னிரண்டாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் வர வேண்டும், வரவில்லையென்றால் பதின்மூன்றாவது. மூச்சை இரண்டு அடிக்கு இழுத்து இரண்டு அடிக்கு விடுவது, கடைசி ரவுண்டில் இரண்டு அடிக்கு இழுத்து ஓர் அடிக்கு விடுவது. தேவசகாயம் சார் சொல்லுவார், கால் எல்லாருக்கும் இருக்கு கனி, மூச்சைத்தான் நாம சம்பாதிக்கணும். அவள் சம்பாதித்தாள். குருவி சேர்ப்பதுபோல் சேர்த்தாள். நாலு வருஷம் சேர்த்த பிறகு கடற்கரை ஊரிலிருந்து, மிதிவண்டியில் போன போஸ்ட்மேனைத் துரத்திப் பிடித்து மணியார்டர் ஃபாரம் வாங்கினவள் என்ற ஒரே ஒரு சான்றிதழோடு, சலேத் வந்து சேர்ந்தாள். உடம்பைச் சூடு பண்ணச் சொன்னால் வெயிலில் படுத்துக்கொள்வாள். கருவாட்டை வறுத்துத் துணிப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு, போட்டிக்கு முன்னால் தின்னாதே என்றால் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே தின்பாள். ஓடும்போது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, சாயங்காலம் கடலில் கால் நனைக்கப் போகிற மாதிரி போவாள். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க வந்தேன் பாரு என்று சார் தலையில் அடித்துக்கொள்வார், அடித்துக்கொண்டே சிரிப்பார், அந்தச் சிரிப்பு கனியின் நாடிக் கணக்கைப் பார்க்கும்போது அவருக்கு வந்ததே இல்லை. எல்லாவற்றையும்விட, அவள் காலில் சத்தம் கிடையாது. கனியின் கால் விழுந்தால் உலக்கை விழுகிற மாதிரி தொம் தொம் என்று மைதானத்துக்கே கேட்கும். சலேத் வருவது கேட்காது. பக்கத்தில் காற்று மாறும், அவ்வளவுதான், தலையைத் திருப்பினால் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். இரண்டு வருஷத்தில் பதினொரு போட்டி, பதினொன்றிலும் கனி இரண்டாவது. பொறாமையா என்றால் பொறாமைதான். ஆனால் பொறாமைக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த உடம்புக்குள் இருந்து ஓடிப் பார்க்க வேண்டும். கால் விழுவது தனக்கே கேட்காமல் ஒரு ரவுண்டு. அந்த ஆசை இன்னும் போகவில்லை. முட்டியில் ஜவ்வு தேய்ந்து, படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிற இந்த வயதில் அந்த ஆசைக்கு வெட்கம் வேண்டாமா.

ஐந்து பதினொன்று, ஏழு பதினாறு, ஒன்பது இருபத்திரண்டு. ஒரே சீராக ஓடுகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம் ஐந்து வினாடி, ஆறு வினாடி, அதற்கு மேல் பிசகவில்லை. நாலாவதாக வந்துவிட்டாள். சலேத்துக்கு எண்ணத் தெரியாது என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை, நிஜம். படிப்புக் கணக்கெல்லாம் போடுவாள், ஓடும்போதுதான் எண்ண வராது. எண்ண ஆரம்பித்தால் கால் அதைக் கேட்க ஆரம்பித்துவிடும், அப்புறம் ஓடாது என்பாள். அவளுக்குக் கால், கனிக்கு எண்ணிக்கை, கடவுள் பங்கு பிரித்துக் கொடுத்த லட்சணம். அதனால் பயிற்சியிலும் போட்டியிலும் கனியின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வருவாள், கோட்டைத் தாண்டும்போது எத்தன என்பாள், கனி சொல்லுவாள், கனியின் வாயிலிருந்து கடைசி என்ற சொல் வந்ததும் பறந்துவிடுவாள். தன்னைத் தோற்கடிப்பதற்கான நேரத்தைத் தானே சொல்லிக் கொடுத்துக்கொண்டு ஒருத்தி பதினொரு போட்டி ஓடியிருக்கிறாள் என்றால் உலகம் நம்புமா. ஆனால் அது அப்படித்தான் நடந்தது, ஏனென்றால் சலேத் கேட்கிறபோது சொல்லாமல் இருக்க முடியாது. ஒருநாள் பயிற்சியில் கனி வெறுமனே ரெண்டு என்று சொல்லப்போய், அவள் இந்த ரவுண்டு போக ரெண்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு ரவுண்டு கூடுதலாக ஓடிவிட்டாள். வந்து சண்டை பிடித்தாள், இரண்டு வேளை கனியோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு சட்டம் ஏற்பட்டது. வெறும் எண்ணைச் சொல்லக் கூடாது. இது போக மூணு, இது போக ரெண்டு, இது போக ஒண்ணு. கடைசி ரவுண்டுக்கு, இதோட சரி. இந்த நாலு சொல்லும் இரண்டு வருஷமும் பிசகவே இல்லை. ஒரு தடவைதான் பிசகியது. அதை நினைக்கக் கூடாது, இப்போது நினைக்கக் கூடாது, அட்டையைப் பார், கையில் பேனா இருக்கிறது, அட்டையைப் பார்.

அட்டையைப் பார்த்தாள். கடைசியாக எழுதியிருந்தது ஒன்பது இருபத்திரண்டு. கோட்டில் முப்பத்தொன்று போய்க்கொண்டிருந்தது, கடிகாரத்தில் பதின்மூன்று முப்பத்தைந்து. உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. ஒரு ரவுண்டு விட்டுப்போயிருக்கிறது. எழுதினோமா, எழுதவில்லையா, சலேத் முன்னால் போனபோது தான் எங்கே போயிருந்தோம். மறுபடியுமா. இந்தத் தடவை கெடுக்க ஒரு காரணமும் இல்லை, பதக்கம்கூட இல்லை, நாலாவதாக ஓடுகிற ஒரு அம்மாவின் ரவுண்டு, அதையும் விழுங்கிவிட்டாயா அம்மி. பக்கத்து டீச்சரிடம் கேட்கலாம் என்று திரும்பினால், அந்த டீச்சரின் ஆள் ஒரு ரவுண்டு பின்தங்கி நடந்துகொண்டிருந்தாள், அவள் அட்டை இதற்கு உதவாது. அப்புறம் ஆறு வருஷத்துப் பயிற்சி தானாக எழுந்து வந்தது, நாடி எண்ணிய பயிற்சி, பன்னிரண்டு தடவை ஒரே நேரத்தில் வந்த பயிற்சி. ஒன்பது இருபத்திரண்டிலிருந்து பதின்மூன்று முப்பத்தைந்து வரை நாலு நிமிஷம் பதின்மூன்று வினாடி. ரவுண்டுக்கு இரண்டு ஆறு, இரண்டு ஏழு. அப்படியானால் இரண்டு ரவுண்டு. விட்டது ஒன்றுதான், பதினொன்று இருபத்தெட்டு வாக்கில் போயிருக்கிறாள். இன்னும் ஆறு. சரியாக ஆறு. விட்டுப்போன கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததில் நேரத்தை எழுதினாள், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தியது. தண்ணீர் வேண்டுமா டீச்சர், முகம் வெளுத்திருக்கே என்று பக்கத்து நாற்காலி கேட்டது. வெயில் என்றாள். காலை ஏழரை மணிக்கு என்ன வெயில்.

அன்றைக்குத்தான் வெயில். சாயங்காலம் நாலு மணி, மண் தடத்தில் சுண்ணாம்புக் கோடு கண்ணைப் பறித்தது. மாநிலத் தேர்வு, ஐயாயிரம் மீட்டரில் ஒரே ஒரு இடம், முதலில் வருகிறவள் தேசியப் போட்டிக்குப் போவாள், தேசியப் போட்டிக்குப் போனவளுக்கு வேலை நிச்சயம் என்று விடுதியில் எல்லாருக்கும் தெரியும். காலையில் நாடி நாற்பத்தெட்டு. தேவசகாயம் சார் தானே பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு உன் நாள் கனி, உழைப்பு ஜெயிக்கும்னு நான் இருபது வருஷமா சொல்லிட்டு வாரேன், இன்னைக்குக் காட்டிரு என்றார். அந்த நாளைப் போல ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பத்தாவது ரவுண்டில் மற்றவர்களெல்லாம் எங்கோ பின்னால், கனி முன்னால், தோளில் சலேத். கால் தன்னுடையதாகவே இல்லை, கேட்டதையெல்லாம் கொடுத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தன் மூச்சு என்று நினைத்தாள். இல்லை, இவளுடையது இரண்டுக்கு இரண்டு போய்க்கொண்டிருந்தது. இது தாறுமாறாக, கிழிகிற மாதிரி, தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. சலேத்துக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருஷத்தில் முதல்முதலாக சலேத் என்ற பெண்ணுக்கு மூச்சு இருப்பது கனிக்குக் கேட்டது. இன்னும் இரண்டு ரவுண்டு. அப்படியே இழுத்துக்கொண்டு போயிருந்தால் போதும். ஆறு வருஷம் எந்த இரண்டு ரவுண்டுக்காக மேட்டில் ஏறினாளோ அந்த இரண்டு ரவுண்டு அவளுக்கு முன்னால் விரித்துப் போட்டிருந்தது. கோட்டைத் தாண்டினார்கள், சலேத் எப்போதும்போல, எத்தன என்றாள். கனி சொன்னாள், "ஒண்ணு."

பொய் சொல்லவில்லை. பாதி சொன்னாள். 'இது போக' என்ற இரண்டு சொல் உள்ளேயே நின்றுவிட்டது. மூச்சு இல்லை, அதனால் வரவில்லை என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறாள், தனக்குத்தான், வேறு யார் கேட்டார்கள். ஆனால் சம்பாதித்தது மூச்சைத்தானே. கோட்டைத் தாண்டி முடித்த உடனே சாரைப் பார்த்து, சார் ஜெயிச்சிட்டேன், நேரம் என்ன சார் என்று முழுசாகக் கேட்டாளே, அந்த மூச்சு எங்கிருந்து வந்தது. வேண்டுமென்றா விழுங்கினாள்? நாக்கு தானாகச் செய்ததா? உடம்புக்கு அப்படி ஒரு புத்தி உண்டா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும், பள்ளியில் அசெம்பிளி மணி அடிக்கும்போதும் சுற்றும், தலை பின்னும்போதும் சுற்றும். சலேத் அந்த 'ஒண்ணு'வைக் கேட்டாள், மிச்சம் இருந்த அத்தனையையும் வாரி இறைத்துக்கொண்டு பறந்தாள், ஐம்பது மீட்டர் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தி நின்றாள். கடைசி ரவுண்டு மணி அப்போதுதான் அடித்தது. முந்தின தடவை மணி அடிக்கவில்லையே என்று அவள் யோசித்திருக்க வேண்டாமா என்று கனி எத்தனையோ தடவை அவளிடம் மனசுக்குள் சண்டை பிடித்திருக்கிறாள். மணியை எதற்கு அவள் கேட்கப்போகிறாள், அவள் கேட்டுக்கொண்டிருந்தது கனியை. நின்றவள், தன்னைத் தாண்டி ஓடுகிற கனியைப் பார்த்துச் சிரித்தாள், பாவம், இந்தக் கணக்குப்பிள்ளை இன்றைக்குக் கணக்குத் தப்பிவிட்டாளே என்று நினைத்திருப்பாள். "முடிஞ்சிட்டுட்டி அம்மி, நில்லு" என்று கூப்பிட்டாள். கனிக்குக் கேட்டது. நிற்கவில்லை. அந்தக் கடைசி ரவுண்டைத் தன்னந்தனியாக ஓடினாள், தொம் தொம் என்று, யாரும் துரத்தாமல். பிறகு சார் சலேத்தைப் பிடித்துத் திட்டியபோது, அவள் கனியைப் பார்த்துக்கொண்டே, நான்தான் சார் தப்பா எண்ணிட்டேன் என்றாள். எண்ணவே தெரியாதவள் தப்பாக எண்ணிவிட்டேன் என்றாள். சாருக்கும் அது தெரியாதா என்ன, அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலை துணிப்பையை எடுத்துக்கொண்டு சலேத் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கனி தேசியப் போட்டிக்குப் போய்ப் பதினொன்றாவதாக வந்தாள், வேலை கிடைத்தது, மற்றதெல்லாம் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றுதான். அந்தக் கடைசி ரவுண்டில் சலேத்தின் மூச்சுக்கு என்ன ஆகியிருக்கும், கனியின் காலுக்கு என்ன ஆகியிருக்கும், யார் யாரை முந்தியிருப்பார்கள். உழைப்பா பிறவியா என்று பசங்களுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள், நடுவராக இவளைக் கூப்பிடுகிறார்கள். பதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான். பதில் வருவதற்கு ஒரு ரவுண்டு இருக்கும்போது அவளே அதை விழுங்கிவிட்டாள். சலேத்துக்குச் செய்த பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரவுண்டு வேண்டும் என்று இன்னும் உடம்பு கேட்கிறது, சோறு கேட்கிற மாதிரி கேட்கிறது.

"எத்தனட்டி?" என்று ஒரு குரல் கேட்டது, கனி தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள். சலேத் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள், முகம் சிவந்து, வாய் பிளந்து. கடிகாரத்தில் பத்தொன்பது ஐம்பத்தேழு. கனி அட்டையைப் பார்த்தாள், நடுவில் போன இரண்டு ரவுண்டையும் கை தானாக எழுதியிருந்தது, விரலை வைத்துப் பார்த்தாள், இது போக ரெண்டு என்றாள், சத்தம் நாற்காலியைத் தாண்டிப் போகவில்லை. சலேத் காதில் விழுந்ததோ இல்லையோ, போய்விட்டாள். அடுத்த தடவைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த இரண்டு நிமிஷம் கனிக்குப் போகவே இல்லை. எதிர்ப்பக்கத்து வளைவில் முப்பத்தொன்று சின்னதாகத் தெரிந்தது, வளைவைச் சுற்றியது, நேர்த் தடத்துக்கு வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. நெஞ்சு அடித்த அடியில் நாடி எண்ணினால் நூற்றிருபது இருக்கும். இப்போதும் அது வராமல் போய்விட்டால்? ஒண்ணு என்று மட்டும் வந்துவிட்டால்? சொல் தொண்டையில் சரியாக இருக்கிறதா என்று உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், பள்ளி விழாவில் மேடையேறப் போகிற பிள்ளை மாதிரி. சலேத் கோட்டுக்குப் பத்து அடி முன்னாலேயே தலையைத் திருப்பிக் கனியைப் பார்த்தாள், கேட்கவில்லை, பார்த்தாள் மட்டும். கனி எழுந்து நின்றுவிட்டாள், ரவுண்டு எண்ணுகிறவர்கள் எழுந்து நிற்கக் கூடாது, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். "இது போக ஒண்ணு, சலேத்து," என்றாள். "இது போக ஒண்ணு." இரண்டு தடவை சொன்னாள். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும், மகாராஜன் சார் திரும்பிப் பார்த்தார். சலேத் கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள், சரி என்றா, போதும் என்றா தெரியவில்லை. இருபத்திரண்டு நாலு என்று எழுதும்போது எண்கள் கலங்கித் தெரிந்தன. அடுத்த ரவுண்டில் மணி அடித்தது, கனி இதோட சரி என்று மணியைவிடப் பெரிதாகக் கத்தினாள். பக்கத்து நாற்காலி டீச்சர், உங்க சொந்தக்காரங்களா டீச்சர் என்று கேட்டாள். கனி ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

சலேத் கடைசி ரவுண்டில் பறக்கவில்லை. இதோட சரி என்றதும் பறக்கிறவள், அதே நடையில், அதே இரண்டு நிமிஷச் சொச்சத்தில் சுற்றி வந்தாள், மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். இருபத்தாறு பதினெட்டு. முடிந்தது. முன்னால் முடித்த இரண்டு பேரும் புல்லில் சாய்ந்து கிடந்தார்கள். சலேத் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டியவள் அப்படியே வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கனி முதலில், ஓடிவிட்டு உடம்பை ஆற்றுகிறாள் என்று நினைத்தாள், அப்புறம் காலைப் பார்த்தாள். ஆற்றுகிற ஓட்டம் இல்லை அது. "முடிஞ்சிட்டு சலேத்து, நில்லு" என்று கூப்பிட்டாள், கூப்பிட்ட பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. சலேத் ஓடிக்கொண்டே தலையை மட்டும் திருப்பினாள். "நீ சொல்லுவட்டி, அம்மி," என்றாள், சிரித்தாள், போனாள். நம்பவில்லையா? நம்பாமல்தான் ஒன்று கூட ஓடி வைக்கிறாளா? இவளிடம் எண்ணிக்கை வாங்கினால் எதற்கும் ஒன்று சேர்த்து ஓட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் முடிவு பண்ணி வைத்திருக்கிறாளா? அப்படியும் இருக்கலாம், அந்தச் சிரிப்பில் அதுவும் இருந்தது. ஆனால் வளைவில் அவள் திரும்பியபோது உள்ளங்கை விரிந்திருந்தது. எதிர்ப்பக்கத்து நேர்த் தடத்தில், நாற்பத்தெட்டு வயதில், அளவு பெரிதான ஷூவில், அதுவரை ஓடிய பன்னிரண்டரை ரவுண்டிலும் இல்லாத ஒரு வேகம் எடுத்தாள். போஸ்ட்மேனைத் துரத்தின பெண் அது. கடலில் கால் நனைக்கப் போகிற பெண் அது. அன்றைக்கு ஓடாமல் விட்ட ரவுண்டு அது. எழுதுவதற்கு அட்டையில் கட்டம் இல்லை. கனிக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அந்தக் கால் எழுப்பாத சத்தத்தை இங்கிருந்தே கேட்க முயன்றாள்.

மகாராஜன் சார் கையில் முடிவுத் தாளோடு வந்து, அடுத்த போட்டிக்கு நேரமாகிறது, உங்க ஆள் முடிச்சாச்சுல்லா, பெறவு எதுக்கு ஓடுதாங்க, கூப்பிடுங்க என்றார். கனி அட்டையை நாற்காலியில் வைத்தாள்.

"இல்ல சார். அவளுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

சார் அட்டையை எடுத்துப் பார்த்தார், கட்டங்களை விரல் வைத்து எண்ணினார், கோடு போட்டிருந்த கட்டத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அட்டையில் சரியா இருக்கு சார், இது பழைய கணக்கு என்றாள் கனி. முட்டி வலித்தது. பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்துக் கோட்டுக்கு அருகில் போனாள். அந்த வளைவில் சலேத் வந்துகொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் நில்லு என்று கூப்பிட்டாள். கனி இப்போது நின்றாள்.